இனி உனக்காக நான் பேச மாட்டேன்

மகனே,

ஸலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஆனால் இன்று காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து, உன் அறைக் கதவுக்கு வெளியே நின்று நான் சொன்ன ஸலாமுக்கே இன்னும் பதில் வரவில்லை. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. நீ நாற்காலியை இழுத்துப் போட்டதும் கேட்டது. தூங்குகிறவன் நாற்காலியை இழுத்துப் போட மாட்டான். சரி, வாய்க்குள்ளேயே பதில் சொல்லியிருப்பாய், என் காதில் விழுந்திருக்காது என்று நானாகவே நினைத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன். உன் விஷயத்தில் எல்லாவற்றையும் நாங்களாகவே நினைத்துக்கொள்வதுதான் நம் வீட்டு வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் இப்போது எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நேரில் பேச வேண்டியதுதானே என்று கேட்பாய். பேசிப் பார்த்துவிட்டேன். நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நீ தட்டோடு எழுந்து போய்விடுகிறாய். காகிதம் என்றால் நீ எழுந்து போனாலும் அது அங்கேயே கிடக்கும், திரும்பி வந்து எடுத்துப் படிக்கலாம். கடையில் இருந்துதான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் திறக்கப் போகிற சமயம், மேற்குத் தாம்பரத்தில் பாதிப் பேர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பை வாங்க இறங்கியிருக்கிறார்கள். நாலு வரி எழுதினால் ஒருத்தர் வந்து ஜிப்பை இழுத்துப் பார்க்கிறார். “இன்னா பாய், இதுக்குப் போயி இவ்ளோ சொல்ற? போன வருஷம் வாங்குன பை மூணே மாசத்துல பிச்சிகினு போச்சு, தெரியுமா?” என்று இப்போதுதான் ஒரு அம்மா சண்டை போட்டுவிட்டுப் போனாள். போன வருஷம் அவள் என்னிடம் வாங்கவே இல்லை. அதையும் சொன்னேன், விலையையும் கொஞ்சம் குறைத்தேன், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போனாள். ஆகவே இது விட்டு விட்டுத்தான் வரும். பொறுத்துக்கொள்.

நேற்று மத்தியானம் ரிஸ்வானா கடைக்கு வந்தாள். ஆமாம், உனக்கு நிச்சயம் செய்திருக்கிற பெண்தான். காட்டாங்குளத்தூரில் அந்தக் கல்லூரி நூலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, தனியாக வந்திருந்தாள். கட்டிக்கொள்ளப் போகிற வீட்டுப் பெரியவரைத் தேடி ஒரு பெண் தனியாகக் கடைக்கு வருவதென்றால் அவள் எவ்வளவு யோசித்திருப்பாள் என்று பார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். ஜூஸ் வாங்கி வரச் சொன்னேன். அவள் அதைத் தொடவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, “மாமா, அவங்க ரெண்டு வாரமா என் ஃபோனை எடுக்கறதில்லை. மெசேஜுக்கும் பதில் இல்லை. என்னைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லச் சொல்லுங்க. எங்க வீட்ல நான் சொல்லிக்கறேன், அவங்க பேரு கெடாது. ஆனா ஒண்ணுமே சொல்லாம இருந்தா நான் என்னன்னு நினைக்கறது?” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் இரண்டு வீட்டாரும் பள்ளிவாசல் ஜமாஅத்தில் உட்கார்ந்து நிக்காஹ் தேதிக்குப் பெயர் கொடுக்கிறதாகப் பேச்சு. இது உனக்கும் தெரியும், அம்மா கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். பெயர் கொடுத்துவிட்டால் பிறகு பின்வாங்குவது அந்தப் பெண்ணுக்குத்தான் அவமானம். நமக்கு ஒன்றும் ஆகாது, ஆம்பிளைப் பிள்ளை வீடு. அவளைப் பற்றித்தான் காட்டாங்குளத்தூரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இதுதான் விஷயம். இந்த வெள்ளிக்கிழமைக்குள் உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தாக வேண்டும்.

நேற்று முழுக்க நான் திரும்பத் திரும்ப யோசித்தது ஒன்றைத்தான். நீ எப்போது சம்மதம் சொன்னாய்? பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, பல்லாவரத்திலிருந்து வந்திருந்த உன் பெரியம்மா உன் தோளில் கை வைத்து, “என்னடா தங்கம், பொண்ணைப் பிடிச்சிருக்கா?” என்று கேட்டாள். நீ தரையைப் பார்த்தாய். காது இரண்டும் சிவந்தன. “பாரு, வெட்கத்தைப் பாரு!” என்று அவள் கத்தினாள், எல்லாரும் சிரித்தோம், உன் அம்மா ஓடிப்போய் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தாள், நான் அந்த நிமிஷமே அவர்கள் வீட்டுக்கு ஃபோன் போட்டு “மாப்பிள்ளைக்குப் பரிபூரண சம்மதம்” என்று சொன்னேன். பரிபூரணம்! அந்த வார்த்தையை எங்கிருந்து பிடித்தேனோ. நம்மில் நிக்காஹின்போது பெண்ணிடம் போய்க் கேட்பார்கள். அவள் தலையைக் குனிந்து பேசாமல் இருந்தால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். அது கூச்சத்துக்குக் கொடுத்த சலுகை. மாப்பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. சபை நிறைய ஆள் உட்கார்ந்திருக்க, நிக்காஹ் நடத்தி வைக்கிற ஹஜ்ரத் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். அவன் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். நாங்கள் உன்னை மணப்பெண் மாதிரி நடத்திவிட்டோம். நீயும் அப்படியே உட்கார்ந்திருந்தாய்.

நீ சின்ன வயதிலிருந்தே அமைதியான பிள்ளைதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேசாத பிள்ளை கெட்ட பிள்ளை என்று சொல்கிற முட்டாள் நான் இல்லை. கோடை லீவில் உன்னைக் கடைக்குக் கூட்டி வருவேன், ஞாபகம் இருக்கிறதா? சூட்கேஸ் வருகிற அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் வருகிறவர் போகிறவரை எல்லாம் வரைவாய். பேரம் பேசும்போது வாயைக் கோணிக்கொள்கிற பெண்கள், பெல்ட்டைப் போட்டு வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிற ஆண்கள். மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை பேச மாட்டாய். பிறகு “அத்தா, பசிக்குது” என்று எழுந்து வருவாய், முகம் அப்படியே கழுவி விட்ட மாதிரி இருக்கும், இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிடுவாய், சாப்பிட்டுக்கொண்டே நான் ஜிப் ரன்னர் மாட்டும்போது நாக்கைத் துருத்துவதை நடித்துக் காட்டுவாய். அந்த மௌனம் எனக்குத் தெரியும். அதற்கு நான் வாசலில் நின்று காவல்கூடக் காப்பேன். யார் வந்து “என்ன பாய், பையன் உம்முனு இருக்கானே” என்றாலும் சண்டைக்குப் போவேன், போயிருக்கிறேன்.

இப்போது நீ இருக்கிற மௌனம் அது இல்லை. இதில் நீ பாதித் தட்டில் எழுந்துவிடுகிறாய். இரண்டு நாள் குளிப்பதில்லை. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் ரணமாக இருக்கிறது என்று அம்மா சொல்லி வருத்தப்படுகிறாள். போன மாதம் தண்ணீர்க் குழாய் சரி செய்ய ஆள் வந்தபோது உன் அறைக்குள் நானும் வந்தேன். சுவரோரம் வரிசையாகப் படங்கள், எல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாய். நீ மாடிக்குப் போயிருந்தாய், ஆகவே ஒன்றிரண்டைத் திருப்பிப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே. எதுவுமே முடிந்திருக்கவில்லை. ஒன்றில் முகம் இருந்தது, கண் இல்லை. ஒன்றில் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டு, மேலே ஆளே இல்லை. முடித்துவிட்டால் யாராவது பார்ப்பார்கள், பார்த்தால் ஏதாவது சொல்வார்கள் என்றுதானே? எனக்கு ஓவியம் தெரியாது. ஆனால் சரக்கைப் பிரிக்காமலே உள்ளே அடுக்கி வைக்கிற கடைக்காரனை எனக்குத் தெரியும். அவனுக்கு வியாபாரத்தில் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

உன் நண்பன் கணேஷை எடுத்துக்கொள். இரும்புலியூரில் நம் தெருவிலேயே வளர்ந்தவன், பள்ளிக்கூடத்திலிருந்து உன்னை விட்டுப் பிரியாதவன். அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு நீ போகவில்லை. கேட்டால் தலைவலி என்றாய். நானும் விட்டுவிட்டேன். போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய சூட்கேஸ் பூட்டுகள் தேடிக்கொண்டிருந்தபோது அவனே எதிரில் வந்தான். “அங்கிள், அவனுக்கு என்மேல இன்னா கோவம்? பத்திரிகை வைக்க வூட்டுக்கு வந்தேன், தூங்கறான்னு அம்மா சொல்லுச்சு. மறுபடி வந்தேன், அப்பவும் தூங்கறான். சரின்னு அம்மா கைல குட்த்துட்டுப் போனேன். அதுக்கு அப்பால ஃபோன் அட்ச்சா எட்க்கவே மாட்றான். இன்னா தப்பு பண்ணேன்னு தெரியாம நான் எப்டி அங்கிள் சாரி கேக்கறது? ரொம்ப பேஜாராக்கீது” என்றான். வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, அவன் பத்திரிகையை உன் கையில் தரவில்லை என்பதுதான் உன் வருத்தம் என்று. ஏன்டா, கதவைத் திறந்தால்தானே கை இருக்கும்! கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது நீ, வெளியே இரண்டு தரம் வந்து நின்றது அவன். கடைசியில் உன்னை ஒதுக்கிவிட்டதாக நீ சோர்ந்து உட்கார்ந்திருக்கிறாய். மேடையில் ஃபோட்டோ எடுக்கும்போது “இருங்க, அவன் வந்துடுவான்” என்று ஃபோட்டோக்காரரை நிறுத்தி வைத்தானாம். இது உனக்குத் தெரியாது. நீ கேட்டால்தானே தெரியும்.

அந்தக் குரோம்பேட்டை அனிமேஷன் கம்பெனி விஷயமும் இதேதான். நீ வரைந்த காட்சியில் வானத்தின் நிறத்தை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று மறுநாளிலிருந்து வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாய். யாரிடமும் சொல்லவில்லை, கடிதம் கொடுக்கவில்லை, சண்டையும் போடவில்லை. உங்கள் டீம் லீடர் கடைக்கு ஃபோன் செய்து, “சார், பையனுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?” என்று கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா? “டைஃபாய்டு சார், எழுந்திருக்கவே முடியலை” என்று போட்டுவிட்டேன். நல்ல மனுஷன், அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு கிலோ சாத்துக்குடியோடு வீட்டுக்கு வந்து நின்றார். டைஃபாய்டு தொற்றிக்கொள்ளும் என்று சொல்லி உன் அறைப் பக்கம் விடாமல் கூடத்திலேயே உட்கார வைத்தேன். நீ உள்ளே மூச்சு விடாமல் இருந்தாய். சமோசா சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்: “ரொம்ப நல்லா வரையறான் சார். இந்தத் தடவை டிவியில அந்த நீலம் வேற மாதிரி தெரிஞ்சது, அதனால மட்டும் மாத்தினோம். அவன்கிட்ட சொல்லணும்னு நினைச்சேன், அடுத்த நாள்லேர்ந்து ஆளையே காணோம்.” இதை உன்னிடம் வந்து சொன்னேன். நீ, “அவர் அப்படித்தான் சொல்வார்” என்றாய். அவர் எப்படிச் சொன்னால் நம்புவதாக இருந்தாய் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உன் தலைக்குள் ஒரு கோர்ட் நடக்கிறது மகனே. வக்கீல் நீ, சாட்சி நீ, ஜட்ஜும் நீயேதான். எதிராளிக்குச் சம்மன்கூடப் போவதில்லை. தீர்ப்பு வந்த பிறகுதான் அவனுக்கே தெரிகிறது, தன்மேல் ஒரு கேஸ் இருந்தது என்று. அவர்கள் என்ன சொன்னார்கள், ஏன் சொன்னார்கள், மனதுக்குள் என்ன நினைத்தார்கள் என்று எல்லாவற்றையும் நீயே வசனம் எழுதி, நீயே கேட்டு, நீயே புண்பட்டுக்கொள்கிறாய். உனக்குக் கற்பனை அதிகம், அதனால் அந்த வசனங்கள் நன்றாகவும் இருக்கும்போல. நிஜமாக அவர்கள் பேசினால் அவ்வளவு நன்றாக இருக்காது. உளறுவார்கள், இடையில் தும்முவார்கள், பேச வந்த விஷயத்தை விட்டுவிட்டு வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். அப்படிப்பட்ட மனுஷர்களோடு பேசத்தான் எனக்கும் உனக்கும் ஆண்டவன் வாய் கொடுத்திருக்கிறான். நாம் பேசாமல் இருந்தால் நம்மேல் உண்மையிலேயே பிரியம் இருக்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்று நீ எதிர்பார்க்கிறாய். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பெற்ற எனக்கே தெரியவில்லை.

இது எல்லாம் என்னால்தான் என்று உன் அம்மா சொல்கிறாள். “நீங்க வாயைத் திறந்தா மூடறதில்லை, புள்ளைக்கு எங்கேங்க இடம் இருக்கு? ஸ்கூல்ல டீச்சர் கேட்டாலும் நீங்க, டாக்டர் கேட்டாலும் நீங்க. அவனுக்கு எங்கே வலிக்குதுன்னு நீங்களே சொல்லிட்டு மருந்தும் நீங்களே வாங்கிட்டு வந்துடுவீங்க” என்கிறாள். இதை நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். வாயாடி வீட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஊமையாகிவிடுவதில்லை. என் அத்தா என்னைவிட மோசம், நான் என்ன ஊமையாகவா இருக்கிறேன்? ஆனால் ஒன்று, டைஃபாய்டு பொய் நான் சொன்னதுதான். பரிபூரண சம்மதமும் நான் சொன்னதுதான். நீ பேசாமல் இருப்பதற்குத் தேவையான வசதியை எல்லாம் செய்து கொடுத்தவன் நான். இதற்கு மேல் அம்மாவுக்கு ஜெயம் கொடுக்க மாட்டேன்.

ஒரு போலீஸ்காரர் வந்து பெல்ட் வாங்கிக்கொண்டு போனார். திரும்ப வந்து உட்கார்ந்தால் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. உட்காரவும் முடியவில்லை, மகனே. நேற்றிலிருந்து கடைக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். அடுக்கி வைத்த பைகளை எடுத்துத் திரும்ப அடுக்குகிறேன். உன்மேல் எனக்குக் கோபம், அந்தப் பெண்ணை நினைத்தால் வெட்கம், உன்னை நினைத்தால் பயம். இது மனசுக்கு வந்த நோய்தான் என்று உனக்கே தோன்றினால் அதையும் சொல், டாக்டரிடம் போவோம். காய்ச்சலுக்குப் போகிறோம், இதற்குப் போவதில் என்ன வெட்கம்? ஆனால் அதையும் நீதான் சொல்ல வேண்டும். நானாகப் பெயர் வைத்த நோய் ஒன்று ஏற்கெனவே உனக்கு வந்துவிட்டுப் போனது.

ரிஸ்வானாவிடம் நான் கேட்டேன், “உங்களுக்குள்ள ஏதாவது பேச்சுவார்த்தை ஆச்சாம்மா?” என்று. அவள் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். நூலகத்தில் புத்தகத்துக்கு அட்டை போடுகிற அந்தக் கண்ணாடித் தாளில், நான்கு பக்கமும் ஒட்டி, கசங்காமல் வைத்திருந்தாள். அவளை நீ வரைந்து கொடுத்த படம். “இதைப் பார்த்ததும் நான் சிரிச்சேன் மாமா. எங்க அத்தா மூக்கு அப்படியே எனக்கும் வந்திருக்கு, இத்தனை நாள் கண்ணாடியில பார்த்தும் எனக்குத் தெரியலை. இவங்க ஒருநாள் பார்த்துட்டுக் கண்டுபிடிச்சுட்டாங்களேன்னுதான் சிரிச்சேன். ‘ஐயோ, மூக்கு இவ்ளோ பெரிசா?’ன்னு கேட்டேன். அவ்ளோதான். அதுக்கப்புறம் ஃபோனே எடுக்கலை” என்றாள். அடப்பாவி! ஒரு மூக்குக்காகவா?

படத்தை என் கையில் கொடுத்தாள். எத்தனை வருஷமாயிற்று நீ வரைந்து முடித்த படத்தை நான் பார்த்து! அவள் தாவணியை இழுத்து விட்டுக்கொள்கிற விதம், பேசப் போகிறவள் மாதிரி கொஞ்சமாகத் திறந்த வாய், அந்த மூக்கு, அந்தக் கண். இதில் கண் இருந்தது. சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த எதையும் நீ முடிக்கவில்லை, இதை முடித்திருக்கிறாய். முடித்து, வீட்டை விட்டு வெளியே போய், அவள் கையில் கொடுத்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பிள்ளை முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன். இவளுக்குக் காட்டியவன் எனக்குக் காட்டவில்லையே என்று.

அந்தச் சமயத்தில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. “பைத்தியக்காரப் பொண்ணே, உன்னைப் பிடிக்காமலா இப்படி வரைஞ்சிருக்கான்? உசுரையே வச்சிருக்கான்ம்மா” என்று சொல்லிவிடலாம். அவள் முகம் மலர்ந்திருக்கும், நிம்மதியாக ட்ரெயின் ஏறியிருப்பாள். நான் சொல்லவில்லை. என் ஆயுசில் நான் பேசாமல் விட்ட ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் எனக்குத் தெரியாது. படத்தைப் பார்த்து நான் நினைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். நன்றாக வரைவது வேறு, அவளோடு வாழ்வது வேறு. ஒருவேளை உனக்குப் படத்தில் இருக்கிறவளைத்தான் பிடித்திருக்கிறதோ என்னவோ. படத்தில் இருக்கிறவள் மூக்கைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டாள். வீட்டுக்கு வருகிறவள் கேட்பாள். மூக்கைப் பற்றிக் கேட்பாள், சம்பளத்தைப் பற்றிக் கேட்பாள், ஏன் இன்னும் குளிக்கவில்லை என்று கேட்பாள், நீ மூன்று நாள் உழைத்த படத்தைப் பார்த்துவிட்டு, “சரி, சாப்பாடு ஆறுது வாங்க” என்பாள். ஒவ்வொரு தடவையும் நீ கதவைச் சாத்தினால், அவள் அந்தக் கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உன் அம்மா இப்போது அதைத்தான் செய்கிறாள். அம்மாவுக்கு நீ பிள்ளை, அவள் செய்வாள். இந்தப் பெண் எந்தப் பாவத்துக்குச் செய்ய வேண்டும்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரிஸ்வானாவின் அத்தா வந்தார், இப்போது அரை மணிக்கு முன்னால். அவருடைய ஹார்டுவேர் கடைக்குச் சரக்கு எடுக்கத் தாம்பரம் வந்தவர், அப்படியே எட்டிப் பார்த்தாராம். மகள் நேற்று இங்கே வந்தது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “அப்புறம் சம்பந்தி, வெள்ளிக்கிழமை வந்துடறோம். மாப்பிள்ளை என்ன சொல்றார்?” என்றார். சும்மா கேட்கிற கேள்விதான். நானும் எப்போதும்போல ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்திருந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார். நான் வாயைத் திறந்தேன். பிறகு, “தெரியாது சம்பந்தி” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “தெரியாதுன்னா?”

“அன்னைக்கு ஃபோன்ல சம்மதம்னு சொன்னது நான்தான். அவன் வாயால சொல்லி நான் கேட்கலை. அவன் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்க அவன்கிட்டயே கேட்டுக்கோங்க” என்றேன்.

மனுஷனுக்கு முகம் கறுத்துவிட்டது. எழுந்து ஜிஎஸ்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன். அங்கிருந்தபடியே, “பொண்ணைப் பெத்தவன்கிட்ட இப்ப வந்து சொல்றீங்களே பாய்” என்றார். சம்பந்தி என்று கூப்பிட்டவர், பாய் என்று சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பிறகு அவரே, “சரி. இப்பவாவது சொன்னீங்க. நாளைக்குக் காலைல பத்து மணி வாக்குல நானும் என் பொண்ணும் உங்க வீட்டுக்கு வர்றோம். அவர் எங்க முகத்தைப் பார்த்து, வேணும்னாலும் சொல்லட்டும், வேணாம்னாலும் சொல்லட்டும். கேட்டுக்கிட்டு வந்துடறோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். டீ வந்தது, அவர் இல்லை.

ஆகவே மகனே, இதுதான் ஏற்பாடு. இந்தக் காகிதத்தை நாளை சுபுஹுக்குப் பிறகு உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு நான் கடைக்கு வந்துவிடுவேன். கடை திறக்க இன்னும் நேரம் இருக்கும், இருந்தாலும் வந்துவிடுவேன். வீட்டில் இருந்தால் என்னால் முடியாது. நீ ஒரு நிமிஷம் தயங்கினால் என் வாய் திறந்துகொள்ளும். அம்மா பல்லாவரத்துக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போகிறாள். இப்போதுதான் ஃபோனில் சொன்னேன், அவள் அழுதாள், “புள்ளையைத் தனியா விட்டுட்டுப் போறதா?” என்று கேட்டாள். பிள்ளைக்கு இருபத்தாறு வயது என்று சொன்னேன். பால் காய்ச்சி வைத்துவிட்டுத்தான் போவாள், பிஸ்கட்டும் வாங்கி வைப்பாள், அதை நான் தடுக்க முடியாது.

நீ அழகாகப் பேச வேண்டியதில்லை. திக்கினாலும் பரவாயில்லை, தரையைப் பார்த்துச் சொன்னாலும் பரவாயில்லை. மூக்கைக் கேட்டதும் எனக்கு வலித்தது என்று சொன்னால்கூட அந்தப் பெண் கேட்டுக்கொள்வாள், அவள் அப்படிப்பட்டவள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், ஜமாஅத்தில் போய்ச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன், அது என் வேலை. வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல். இரண்டில் எதைச் சொன்னாலும் நீ என் பிள்ளைதான். சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. அந்தப் பெண் இரண்டு வாரமாக இப்படித்தான் இருக்கிறாள். அவர்கள் பத்து மணி வாக்கில் வருவார்கள். பெல் அடிக்கும்போது வீட்டில் நீ மட்டும்தான் இருப்பாய்.

உன் அத்தா